தங்கைக்காக நான் கேட்ட பலம்

என் மகளையும் தங்கையையும் செங்கடல் இழுத்துக்கொண்டு போனபோது, படகின் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் கோயில் அம்மாளாச்சியைக் கூப்பிடுவதைத் தவிர வேறொன்றும் என் கையில் இருக்கவில்லை. அன்று அவள் எனக்குச் செய்ததை, வெள்ளிக்கிழமைப் பூசையில் என்னோடு நிற்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நாங்கள் டென்மார்க்கின் வைலே நகரில் இருக்கிறோம். நான் முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறேன். தங்கை வதனி கோப்பன்ஹேகனில் பொறியியலாளர், தனியாக இருக்கிறாள். டென்மார்க்குக்கு வந்தபோது நான் வளர்ந்த பிள்ளை, நேரே தொழிற்சாலைக்குப் போனேன். அவள் சின்னப்பிள்ளை. பள்ளிக்கூடம் போனாள், நீச்சல் பழகினாள், டெனிஷ்காரரைப் போலவே கதைத்தாள். அதெல்லாம் எனக்குப் பெருமைதான். என் மகள் மீரா அவளோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் வயிறு எரியத் தொடங்கியது.

மீராவுக்குப் பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்டால் டெனிஷில் ஒரு சொல் பதில் வரும். சித்தி வந்துவிட்டால் அறைக்குள் இருவரும் விடாமல் கதைப்பார்கள். கதவுக்கு வெளியே அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நான் உடுப்பு மடிப்பேன். நான் சுமந்து பெற்ற பிள்ளை. ரயிலில் வந்து போகிறவளுக்கு எப்படி இவ்வளவு சொந்தமானாள்?

போன இலையுதிர்கால விடுமுறைக்கு எல்லோரும் எகிப்துக்குப் போனோம். ஒருநாள் படகில் கரையோரமாகப் போனோம். புல் பூண்டு எதுவுமில்லாத மலை. அதன் பாறைகள் நேரே கடலுக்குள் இறங்கின. கீழே பவளப்பாறையும் மீனும் தெளிவாகத் தெரிந்தன. என் கணவர் தலைசுற்றிப் படுத்துவிட்டார். நீருக்குள் பார்க்கும் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு மீரா நின்றாள்.

"வா, நான் கட்டிவிடுறன்," என்றேன்.

"வேண்டாம், சித்தி கட்டுவா. உங்களுக்குத் தெரியாது."

வதனி என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. இருவரும் கைகோத்துக்கொண்டு குதித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் காற்று எழும்பியது. படகின் வழிகாட்டி, நீந்தப் போன மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். இவர்கள் இருவரையும் காணவில்லை. பின்னால் வருகிறார்கள் என்று நினைத்தானாம். மலை முனைக்கு அந்தப் பக்கம் நீரோட்டம் பலமானது என்று படகோட்டி சொன்னார். உடனே ரப்பர் படகை இறக்கி இருவர் போனார்கள்.

நான் கண்ணை மூடினேன். "தாயே, என்ரை பிள்ளையைத் தா." அவ்வளவுதான் வந்தது. தங்கையின் பெயர் என் வாயில் வரவில்லை. அந்த நேரத்திலும் வரவில்லை. என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவள் அவள்தானே என்று மனம் கொதித்தது.

அலை இன்னும் உயர்ந்தது. அப்போதுதான் உறைத்தது. அங்கே மீராவுக்கு வதனியை விட்டால் ஒருவரும் இல்லை. அவளுடைய கை தளர்ந்தால் என் பிள்ளை இல்லை. எந்தப் பிடியைப் பார்த்து இவ்வளவு நாளும் வெந்தேனோ, அந்தப் பிடி விடக்கூடாது என்று நானே கேட்க வேண்டியிருந்தது. "வதனிக்குப் பலம் குடு, தாயே. அவள் இறுக்கிப் பிடிக்கட்டும். என்ரை பிள்ளை அவளை விடாமல் கிடக்கட்டும்." சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

மலை முனையைச் சுற்றி ரப்பர் படகு திரும்பி வந்தது. அதில் போன இருவரோடு இன்னும் இரண்டு தலைகள் தெரிந்தன. துவாயை எடுத்துக்கொண்டு விளிம்புக்கு ஓடினேன்.

பாறை இடுக்கொன்றில் மீராவைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வதனி இருந்திருக்கிறாள். அலை அவளைத்தான் பாறையில் அடித்திருக்கிறது. முதுகெல்லாம் கீறல், இரத்தம். படகில் ஏற்றிய பிறகும் மீரா சித்தியின் கழுத்தை விடவில்லை. துவாயோடு பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். ஆனாலும் அந்தத் துவாயால் இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்தினேன்.

"அக்கா, ஒரு கட்டத்திலை என்னாலை ஏலாமல் போட்டுது," என்றாள் வதனி. "கை விடப்போகுது எண்டு நினைச்சன். பிறகு எங்கையிருந்து பலம் வந்ததெண்டு எனக்கே தெரியேல்லை."

எனக்குத் தெரியும். அவளுடைய கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இப்போது வதனி வரும் ஞாயிறுகளில் மூன்று பேரும் வைலே நீச்சல் குளத்துக்குப் போகிறோம். நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால் அடிக்கிறேன். "அம்மா, மூச்சை விடுங்கோ," என்று மீரா தமிழில் சொல்லித் தருகிறாள். பொறாமை முற்றாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது தலைதூக்கும் போதெல்லாம் தங்கையின் பெயரில் ஒரு விளக்கு ஏற்றுகிறேன்.

உங்களுக்கும் யாருடைய பெயராவது வாயில் வராமல் இருந்தால், அவருக்காகவே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அம்மாளாச்சி அந்தக் குரலையும் கேட்பாள். என்னுடையதைக் கேட்டாள்.