பெயர் வெட்டாத தட்டு

அறுபதுகளின் நடுவில் எனக்குப் பத்தொன்பது வயது. செஞ்சியில் கடலை உடைக்கிற மில்லில் சொத்தைப் பருப்பு பொறுக்கும் வேலை. சிங்கவரம் ரோட்டில் இருந்த எங்கள் தெருவிலிருந்து நாலைந்து பெண்கள் சேர்ந்து நடந்தே போவோம். நான் சின்னவளாக இருந்தபோதே அம்மா செத்துப்போனாள். வீட்டில் நானும் நைனாவும்தான். நைனா ஊர்ப் பெரிய வீட்டின் கொல்லையில் உழவு வேலை செய்யும் கூலி ஆள்.

எனக்கு எவர்சில்வர் மேல் அப்படி ஒரு பைத்தியம். எங்கள் தெருவில் அப்போது மண்சட்டியும் அலுமினியமும்தான். கடைத்தெரு பாத்திரக் கடையில் முதலில் ஒரு டம்ளர் வாங்கினேன். அப்புறம் கிண்ணம், கரண்டி, இன்னொரு டம்ளர் என்று மூன்று வருஷத்தில் ஏழு சாமான் சேர்ந்தது. கடைசியாக எடுத்தது ஒரு சாப்பாட்டுத் தட்டு. விளிம்பில் லேசாக நசுங்கியிருந்ததால் யாரும் தொடாமல் கிடந்தது.

எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் துலக்கி, பழைய துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்திருந்தேன். ஒன்றிலும் சாப்பிட்டதில்லை. பெயரும் வெட்டவில்லை. அந்தக் கூலியை மிச்சம் பிடித்தால் இன்னொரு கரண்டி வாங்கலாமே என்று நினைத்திருந்தேன்.

அந்தத் தை மாதம் பெரிய வீட்டில் கல்யாணம். மாட்டுக்கொட்டகை கூட்டவும் எச்சில் இலை எடுத்துப் போடவும் எங்கள் தெருவிலிருந்து ஆறு பேர் போனோம். வேலியோரம் நின்று வேலை செய்தோம். பாத்திரம் இருந்த பக்கம் எங்களை விடவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, மில் லீவு நாளில், பெரிய வீட்டம்மாவின் தம்பி சைக்கிளில் எங்கள் வாசலுக்கு வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள்.

“கல்யாணத்துல ரெண்டு தட்டு காணோம். உன் பொண்ணுகிட்ட எவர்சில்வர் இருக்குதாமே? எடுத்தா வெளிய.”

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா உள்ளே ஓடி, பெட்டியை இழுத்து வந்து வாசலில் கவிழ்த்தார். டம்ளர்கள் மண்ணில் உருண்டன.

“எல்லாத்தயும் எடுத்துக்குங்க சாமி. பொண்ண மட்டும் வுட்டுடுங்க.”

“இன்னா நைனா பேசற? இது நான் வாங்கினது!”

“நீ சும்மா இருடி.”

தம்பிக்காரர் குனிந்து தட்டைப் பார்த்தார். கையால் தொடவில்லை. “பேரு எங்க?”

“வெட்டலங்க,” என்றேன்.

“எங்க தட்டுலயும் வெட்டல. கல்யாணத்துக்குப் புதுசா எடுத்தது. அப்ப இது உன்னுதுன்னு எப்படி நம்பறது?”

“கடக்காரரக் கேளுங்க.”

“சரி, நீயே எடுத்துக்கினு வா. அவரு இல்லன்னுட்டாருன்னா நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்.”

தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சைக்கிள் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஆட்கள் இரண்டு பக்கமும் வந்தார்கள். நைனா வெகுதூரம் பின்தங்கி வந்தார். பாதி வழியில்தான் எனக்கு அது உறைத்தது. பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குச் சாமான் போட்டதும் அதே கடைதான். ஒரு நசுங்கின தட்டு வாங்கினவளுக்காக அவர் ஏன் அவர்களைப் பகைத்துக்கொள்ளப் போகிறார்?

கடைக்காரர் எழுந்து, “வாங்க, வாங்க” என்று தம்பிக்காரரை உட்காரச் சொன்னார். நான் படிக்குக் கீழே வெயிலில் நின்று தட்டை நீட்டினேன். அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“இத உங்ககிட்ட வாங்கினேன்றா இவ. நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. கல்யாண சாமான் மொத்தமும் உங்ககிட்டதான் எடுத்தோம்.”

கடைக்காரர் தோள் துண்டால் தட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

“நசுங்கியிருக்குது, வேணாம்னு வெச்சிட்டுப் போனேனே,” என்றேன். “நீங்கதான் கூப்டு குடுத்தீங்க.”

அவர் விரல் விளிம்பில் ஊர்ந்து, நசுங்கிய இடத்தில் நின்றது. பிறகு தம்பிக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

“இது இந்தப் பொண்ணு எடுத்ததுதாங்க. நசுங்கின தட்ட உங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு நான் அனுப்புவேனா?”

தம்பிக்காரர் விருட்டென்று இறங்கி சைக்கிளை எடுத்தார். அப்போதுதான் வந்து சேர்ந்த நைனாவிடம், “நாளையிலேர்ந்து கொல்லப்பக்கம் வராத,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது ஏரிக்கரை வந்தது. அங்கே என்னால் அடக்க முடியவில்லை.

“நான் திருடினேன்னு நெனச்சிட்டியா நைனா?”

அவர் நின்றார். “ஒரு நிமிஷம் நெனச்சிட்டேன்மா. உன்ன அடிச்சிடுவாங்கன்னு பயம். பயத்துல இன்னா நெனைக்கறதுன்னே தெரியல.”

இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

காணாமல் போன தட்டுகள் கல்யாணப் பெண்ணின் சீர்ப் பெட்டியிலேயே போயிருந்தன என்று பிறகு அந்த வீட்டு ஆள் ஒருவரின் மனைவி சொல்லித் தெரிந்தது. பெரிய வீட்டிலிருந்து யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. நைனாவுக்கு அங்கே திரும்ப வேலையும் கிடைக்கவில்லை. மலையடிவாரத்தில் கல் உடைக்கப் போனார். ஒரு மாதம் போல நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். சாப்பாடும் தனித்தனியாகத்தான்.

ஒரு சாயங்காலம் கண் இரத்தமாகச் சிவந்து, கையால் பொத்திக்கொண்டு வந்தார். கல் தூள் விழுந்திருந்தது. வாசலில் உட்கார வைத்து, தலையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, முந்தானை நுனியை நனைத்து மெல்ல எடுத்தேன். அவர் அசையாமல் இருந்தார்.

“போச்சா?” என்று கேட்டேன்.

கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார். “போச்சும்மா,” என்றார்.

அன்றைக்குத்தான் திரும்பவும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.