பச்சை ஒடம்புக்கு ஆகாத தண்ணி

மாமியா கொடுமைன்னா பொண்ணு தாய்வீட்டுக்கு ஓடிப்போகலாம். காரைக்கால்ல எங்க முஸ்லிம் குடும்பங்கள்ல அந்த வழியும் கெடையாது. எங்கள்ல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருப்பாங்க. தலைப்பிள்ளையைப் பெத்துட்டு நான் அடைபட்டுக் கெடந்ததே தாய்வீட்டுலதான். காவலுக்கு என் உம்மா. எங்க ஓடுறது?

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்குனதுக்கு மறுவருஷம், சித்திரை வெயில். என் வீட்டுக்காரங்க யாவாரத்துக்காக சைகோன்ல இருந்தாங்க. பிள்ளை பெத்து நாப்பது நாள் கழியற வரைக்கும் நான் அந்த அறையை விட்டு இறங்கப்படாது. ஜன்னலைச் சாத்தி, சாம்பிராணியைப் போட்டு, ஆளை மூச்சுமுட்ட வச்சாங்க. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். தண்ணி தர மாட்டேன்னாங்க பாருங்க, அதைத்தான் பொறுக்க முடியல. பச்சை ஒடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு ஊதிடும், பிள்ளைக்கு மாந்தம் வந்துடும்னு, சோத்தோட ஒரு வாய் சுடுதண்ணி, அதோட சரி. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு வராது.

மார்ல பால் வத்திப்போச்சு. பிள்ளை சப்பிச் சப்பிப் பாத்துட்டு வீல்னு கத்துவான். அப்பறம் கத்தறதையும் விட்டுட்டான். கத்துற பிள்ளையைச் சமாளிச்சுடலாம். கத்தாத பிள்ளையை என்ன பண்றது? காலையில மாத்துன துணி பொழுது சாயுற வரைக்கும் காஞ்சே கெடந்துச்சு. தலையைத் தடவுனா உச்சிக்குழி உள்ள இறங்கியிருந்துச்சு.

குளிப்பாட்ட வர்ற மருத்துவச்சி தொட்டுப் பாத்துட்டு, "உச்சி விழுந்துருக்கு. வெளக்கெண்ணெய் வைங்க, ஏறிடும்" அப்படின்னா. உம்மா பஞ்சை நனைச்சு நனைச்சு வச்சாங்க. எண்ணெய் கண்ணுல வழிஞ்சும் பிள்ளை முழிக்கல.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம் உம்மா"ன்னு கெஞ்சுனேன்.

"நாப்பது கழியாம வாசப்படி தாண்டுவியா? வாயை மூடிட்டுப் படு."

அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல. எனக்கு முன்னால பொறந்த ரெண்டையும் அதே அறையில பறிகொடுத்தவங்க. பத்தியத்துல எங்கேயோ தப்பு விட்டுட்டோம்ங்கற பயம் அவங்களுக்கு. அந்தப் பயத்துக்கு நானும் என் பிள்ளையும் கைதி.

மறுநாள் காலையில மருத்துவச்சி வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொதிக்க வச்ச தண்ணியை அண்டாவுல ஊத்தி ஆத்துனா. அவ துணி எடுக்கத் திரும்புன நேரம், செம்பை முக்கி மடக்கு மடக்குன்னு குடிச்சேன். யா அல்லா, என்னா கசப்பு! இன்னொரு செம்பும் குடிச்சேன். அடுத்த நாளும் அப்படித்தான். மாரு மெல்லக் கனத்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் பிள்ளை என் மடியை நனைச்சான். அந்த ஈரத்துல கைய வச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன்.

உம்மா ஓடி வந்து பாத்துட்டு, "பாத்தியா, எண்ணெய் கேட்டுருச்சு!"ன்னாங்க.

எனக்கு வந்துச்சே ஆத்திரம். "எண்ணெயுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல! குளிக்கிற தண்ணியைத் திருடிக் குடிச்சேன். அதுல ஊறுன பால்தான்!"

வாயை அடக்கியிருக்கலாம். உம்மா முகம் வெளுத்துப்போச்சு. மறுநாள்லேருந்து மருத்துவச்சியை ஒதுக்கிட்டு அவங்களே தண்ணி ஊத்த நின்னாங்க. செம்பு அவங்க கையில, கண்ணு என் வாய்மேல. தலையில வழியுற தண்ணியை நாக்கை நீட்டி நக்குனேன், நாய் மாதிரி. பிள்ளைத் துணி மறுபடியும் காஞ்சுபோச்சு. அன்னிக்கு ராத்திரி பூரா உம்மா அந்தக் காஞ்ச துணியைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க.

விடிஞ்சு குளிக்க உக்காந்தேன். உம்மா வழக்கம்போல ஊத்துனாங்க. ஊத்திக்கிட்டே இருந்தவங்க நிறுத்திட்டு, பின்னாலேருந்து வேற ஒரு செம்பை எடுத்து என் கையில திணிச்சாங்க. செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

"நான் ஒண்ணும் பாக்கல. சுருக்கா ஆகட்டும்."

வாயில வச்சேன். கசக்கல. வேப்பிலை போடாத, பானையில மோந்த நல்ல தண்ணி.