அக்கா குறித்த பல்லும் நான் கழற்றிய பல்லும்

எங்கள் அக்கா மானிப்பாயில் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பேராதனையில் பல் மருத்துவம் கற்றார். போர் எங்களை ஒக்லாந்துக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பட்டம் இங்கே செல்லுபடியாகவில்லை. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக நின்றபடியே படித்து, மூன்றாவது முயற்சியில் இந்நாட்டுப் பரீட்சையில் சித்தியடைந்தார். அதற்குள் என்னையும் படிப்பித்துப் பல் வைத்தியனாக்கிவிட்டார்.

எங்கள் திருச்சபையின் ஆதரவோடு ஆண்டுதோறும் ஒரு குழு கானாவின் கரையோரச் சிற்றூர் ஒன்றுக்கு இலவசப் பல் சிகிச்சைக்காகப் போகும். ஏழு ஆண்டுகள் அக்காவே அதை வழிநடத்தினார். நான் ஒரே ஒரு முறைதான் போனேன். அதைச் சொல்லாமல் இந்த நினைவு மலரில் அக்காவைப் புகழ எனக்கு உரிமையில்லை.

பள்ளிக்கூட வகுப்பறையில் சிகிச்சை நடந்தது. அக்கா பரிசோதித்து, எந்தப் பல் என்று அட்டையில் குறித்து அனுப்புவார்; நான் கழற்றுவேன். அமா என்பவர் மீனைப் புகையூட்டி விற்கும் பெண். அவர் வந்தபோது மொழிபெயர்க்கும் ஆசிரியர் வெளியே போயிருந்தார். வாசலில் நீண்ட வரிசை. அட்டையை நான் அரைக்கண்ணால்தான் பார்த்தேன். அமா தலையை ஆட்டி ஏதோ சொன்னார். பயம் என்று நினைத்துத் தோளை அமர்த்திப் பிடித்துக்கொண்டு கழற்றினேன்.

தட்டில் கிடந்த பல்லை அக்கா எடுத்துப் பார்த்தார்.

“தம்பி, இதில சூத்தை இல்லையே. அட்டையை வடிவாப் பாத்தனியே?”

அப்போதுதான் நான் அட்டையை எடுத்து முழுதாகப் பார்த்தேன். அக்கா ஆசிரியரை அழைத்துவந்து, அமாவின் முன் முழந்தாளிட்டு, பிழையான பல்லைக் கழற்றிவிட்டோம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு அரித்துப்போயிருந்த அந்தச் சூத்தைப் பல்லைத் தாமே கழற்றினார்.

ஒக்லாந்து திரும்பியதும் இதை விசாரிக்கச் சபைக் குழு கூடியது. “அட்டையில குறிச்சதில பிழையோ?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். காத்திருந்தார். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“குழுவுக்குப் பொறுப்பு நான்தானே,” என்றார் அக்கா.

அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு தலைமையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அக்கா அடுத்தடுத்த ஆண்டுகளிலும் போனார், கருவிகளைக் கழுவிக் கொடுப்பவராக. நான் ஹென்டர்சனில் என் கிளினிக் வேலையைச் சாட்டாகச் சொல்லி இங்கேயே நின்றுவிட்டேன். பிறகு போகவேயில்லை.

புற்றுநோய் முற்றி, கிளென் ஈடன் வீட்டில் அக்கா படுத்திருந்தபோது, “சபையில எல்லாத்தையும் சொல்லிப் போடுறன், அக்கா,” என்றேன்.

“எனக்காகவோ சொல்லப் போறாய்? அமாவோட கதைச்சனியே?”

“இல்லை.”

“அவ இப்பவும் அந்தப் பக்கத்தால சாப்பாடு சப்பிறேல்லை, தம்பி.”

ஐந்தாம் நாள் அக்கா கண்மூடினார்.

அடக்க ஆராதனைக்கு அடுத்த வாரம் அந்த ஆசிரியருக்கு ஃபோன் எடுத்தேன். அவர் அமாவை அழைத்துவந்தார். அக்கா காலமான செய்தியைச் சொன்னேன். என் பிழையையும் சொன்னேன். அமாவின் பதிலை ஆசிரியர் மொழிபெயர்த்தார்:

“என் வாயில் யாருடைய கை இருந்தது என்று எனக்குத் தெரியாதா? உன் அக்கா ஒவ்வொரு வருடமும் வந்து என்னைப் பார்த்தார். நீ ஏன் வரவில்லை?”

“வெட்கமாக இருந்தது,” என்றேன்.

அமா இரண்டே சொற்கள் சொன்னார். “வெட்கத்தோடு வா.”

அக்காவை இறுதிவரை பராமரித்த தாதியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் உணவு கொண்டுவந்த அயலவருக்கும், ஜெபித்த சபையாருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன். சபைப் பெரியவர்களே, அன்று அட்டையில் அக்கா குறித்தது சரியான பல்லைத்தான். அவர் உயிரோடிருக்கும்போதே இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இவ்வாண்டுக் குழுவில் எனக்கும் ஓர் இடம் கேட்டு எழுதியிருக்கிறேன். நீங்கள் மறுத்தால் அது நியாயம்தான்; நான் தனியாகப் போவேன்.