சூலம் பார்த்து ரயில் ஏறியவர்கள்

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு ஊரில் பாதிப் பேர் விரோதி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பொள்ளாச்சி–பாலக்காடு பாதை போட்ட புதிதில், கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் வண்டி கட்டி வந்து ரயிலேறும் சின்ன ஸ்டேஷனில் நான் புக்கிங் கிளார்க்.

போன வண்டி

முதல் வாரம், ரயில் போய்ப் புகையும் கலைந்தபின் ஒரு விவசாயி நிதானமாக வந்தார். வண்டி போய்விட்டது என்றேன். அவருக்குக் கோபமில்லை, என்மேல் பரிதாபம்தான்.

"ஏனுங்க, இத்தாப் பெரிய வண்டி ஓட்டறவங்க, ஆளு வருதான்னு ஒருக்காத் திரும்பிப் பாக்க மாட்டாங்களா?"

வியாழக்கிழமை மூட்டைகள்

வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது; பாலக்காடோ மேற்கே. கோர்ட்டும் ஆஸ்பத்திரியும் சூலம் பார்க்குமா? அதற்குத்தான் பரஸ்தானம். வியாழனன்றே ஒரு மூட்டையை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டால் பயணம் அன்றே தொடங்கியதாக அர்த்தம்; ஆள் மறுநாள் கிளம்பலாம். முன்பு கோயிலில் வைத்த மூட்டைகள், ரயில் வந்ததும் என் ஸ்டேஷனுக்கு வந்தன. வெயிட்டிங் ரூமில் உட்கார இடமில்லை. ஓர் அம்மாளிடம் சத்தம் போட்டேன்.

"அது பாட்டுக்குக் கெடக்குதுங்க. உங்ககிட்டச் சோறா கேக்குது?"

உத்தரவு

பார்வையிட வந்த அதிகாரி, ஆளில்லாத மூட்டை இருக்கக்கூடாது என்று எழுதிவிட்டுப் போனார். அந்த வியாழன் சாயங்காலம், கடைசி வண்டி போனபின், மாரப்பன் மூட்டையோடு வந்தார். ஸ்டேஷனுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவர். பிரசவத்துக்குப் போன மகள் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் மோசமாக இருப்பதாகத் தகவல். காலை வண்டிக்குப் போக வேண்டும்.

உத்தரவைச் சொல்லி, அவர் இறக்கி வைத்த மூட்டையை நானே தூக்கி அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். வெளியே வந்த மூட்டை வீடு திரும்பினால் அந்தப் பயணமே ஆகாது என்பார்கள். அது தெரிந்தும் கொடுத்தேன். பத்தடி தள்ளி என் குவார்ட்டர்ஸ், அங்கே வைத்திருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை வண்டிக்கு அவர் வரவில்லை. முந்தின நாள் போகும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நீங்க சட்டத்தப் பாக்கறீங்க, நான் சூலத்தப் பாக்கறனுங்க. நடுவுல அந்தப் புள்ள கெடக்குதுங்க."

வெறுங்கை

சனிக்கிழமை காலை வந்தார். மகள் வெள்ளி மத்தியானமே போய்விட்டாள். கடைசிவரை அப்பாவைக் கேட்டாளாம். என்ன பேசுவதென்று தெரியாமல், மூட்டை இல்லையா என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

"எழவுக்குப் போறதுக்குச் சூலமில்லைங்க. டிக்கெட்டக் குடுங்க."

ரிடையரான அன்று, சட்டத்தை ஒரு நாளும் மீறாதவர் என்று புகழ்ந்து போட்ட மாலையை நானும் வெட்கமில்லாமல் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன்.