ஞாயிற்றுக்கிழமை என்று எழுதிய சான்றிதழ்

எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை மாதம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். நான் அரசாங்க உதவித்தொகையில் காஞ்சிபுரத்துக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று சனிக்கிழமை, பத்து மணிக்குப் பரீட்சை. ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பி, சட்டைப் பையில் பேனாவைச் செருகிய நேரத்தில், ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்த அப்பாவின் மூச்சு அடங்கிவிட்டது. கத்த வாயெடுத்தேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதடா. சனிப்பொணம் தனியா போவாது. உங்கக்கா புள்ளத்தாச்சியா கீறா. தெரிஞ்சா ஊரே அவ வயித்தத்தான் பாக்கும்."

பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்பினால் தோஷம் போய்விடும் என்பார்கள். அம்மாவுக்குக் கோழி மேல் நம்பிக்கை இல்லை. கதவைச் சாத்தினாள்.

"நீயும் பரிச்சக்கிப் பூட்டா நா தனியா இன்னா பண்ணுவேன்?" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

அன்று முழுக்க மழை. விசாரிக்க வந்தவர்களிடம், கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறார் என்று அம்மா சொல்லி அனுப்பினாள். நிறைமாத அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மூலையில் கிடந்தாள். ஞாயிறு விடிந்த பிறகுதான் அம்மா வாய்விட்டு அழுதாள். அவள் ஏமாற்றியது எமனையா, ஊரையா, எனக்கு இன்றுவரை தெரியாது. மணியக்காரரும் இறந்த நாள் ஞாயிறு என்றே பதிந்து சான்றிதழ் கொடுத்தார்.

பரீட்சைக்கு வராததற்குத் தக்க காரணம் காட்டி, ஆதாரத்தோடு விண்ணப்பம் கொடுத்தால் உதவித்தொகை நிற்காது என்றார்கள். மொட்டைத் தலையோடு காலேஜுக்குப் போனேன். சான்றிதழில் என்ன கிழமை இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் இணைத்திருந்தேன். என் படிப்பின் லட்சணம் அவ்வளவுதான். ஆபீஸ் கிளார்க் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்.

"இன்னா தம்பி, ஞாயித்துக்கெழம செத்தார்னு போட்டுக்கீது. பரிச்ச சனிக்கெழம ஆச்சே. அன்னிக்கி இன்னா பண்ணிக்கினு இருந்த?"

உண்மையைச் சொன்னால் சாயங்கால பஸ்ஸிலேயே அது ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அக்காவுக்கு இன்னும் பிரசவம் ஆகவில்லை.

"படிக்கல சார். பயந்துக்கினு வரல" என்றேன்.

"பெத்த அப்பன் சாவ வச்சா பொய் சொல்ற?" என்று விண்ணப்பத்தைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார்.

உதவித்தொகை நின்றது, படிப்பும் நின்றது. அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்காவுக்கு நல்லபடியாகப் பெண் பிறந்தது. "இவனுக்குப் படிப்பு ஏறல" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் மறுத்துப் பேசவில்லை.

இன்றும் அப்பாவுக்கு வருஷப் படையல் ஒரு நாள் தள்ளித்தான் நடக்கிறது. படிப்பு போன துக்கம் எப்போதோ ஆறிவிட்டது. அப்பா போன அன்று, நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவருக்காக வாய்விட்டு அழவில்லையே, அதுதான் இன்னும் ஆறவில்லை.