நடக்காத விழாவுக்குச் சீட்டு

விழா நடத்தாமலே காசு வாங்கினாளாம், கேள்வி வந்ததும் ஓடிப்போனாளாம்! நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும், அதற்காக இப்படியா? தையல் டீச்சர் ஓடி யார் பார்த்தது? பேருந்து கண்ணெதிரே கிளம்பினாலும் அடுத்தது வரும் என்று நிற்கிறவள் அவள். அவளுடைய முழங்கால் வலிக்குத் தைலம் கொடுப்பதே மருந்துக்கடை அக்காதான். அந்த அக்காவே இப்போது கடை வாசலில் நின்றுகொண்டு ஊருக்கெல்லாம் கதை சொல்கிறாள். விழா கிடையாது என்று சீட்டிலேயே போட்டிருந்தது. எல்லாரும் படித்துச் சிரித்துவிட்டுத்தானே காசு போட்டார்கள்? நடந்ததை நடந்தபடி கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் எப்போதும் ஏதாவது ஒன்று ஒழுகிக்கொண்டிருக்கும். ஒரு வருஷம் கூரை, ஒரு வருஷம் குழாய். செலவுக்குக் காசு வேண்டுமே என்று வருஷா வருஷம் மெழுகுவத்திப் பெட்டிகளை இறக்குவார்கள். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் விற்க வேண்டும். விற்றதில் ஒரு பங்கு பள்ளிக்கு. பூட்டுகிற அலமாரி தையல் அறையில் மட்டும்தான் இருந்தது. அதனால் பெட்டிகளைப் பங்கிடுவதும், விற்காமல் கொண்டுவந்த பிள்ளையைத் திட்டுவதும் அவள் தலையில் விடிந்தன. விற்கத் தெரியாத பிள்ளையின் பெட்டியைப் பெற்றவளே வாங்கிக்கொள்வாள். வீட்டுக்கு வீடு மெழுகுவத்தி குவிந்து, கரண்டு போனால் தேவலை என்று சனங்கள் ஏங்கிய தெரு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

வீட்டிலாவது உட்கார முடிந்ததா? புருஷன் லாரி ஓட்டுகிறவன். வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மாமியார் படுத்த படுக்கை. அந்த அம்மாளைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். திரும்பி வந்ததும் அதே வேலை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

போன வருஷம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில், ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெட்டியை அணைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"ஏண்டி இங்க நிக்கிற?"

"பெல் அடிக்கணும் டீச்சர்."

"அடிக்க வேண்டியதுதானே?"

"போன தடவ இந்த வீட்டுத் தாத்தா ரொம்பத் திட்டினாரு."

"அப்ப விட்டுத் தொலை. வீட்டுக்குப் போ."

"விக்காம வந்தா நீங்க திட்டுவீங்களே டீச்சர்."

தையல் டீச்சர் கையை நீட்டினாள். பெட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணை அவள் வீடுவரை கொண்டுபோய் விட்டாள். மறுநாள் காலை நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய் நின்றாள்.

"இனிமே பிள்ளைங்க கையில பெட்டி குடுக்க மாட்டேம்மா."

"அப்ப கழிவறைக்குத் தண்ணித் தொட்டி? வானத்துல இருந்து விழுமா?"

"வேற வழி பாக்கறேன்."

"பாருங்க. தொட்டி வந்துட்டா மெழுகுவத்தி வேண்டாம். வரலேன்னா பழையபடி நீங்கதான் பங்கிடணும். அப்ப மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. மற்ற ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பிள்ளைகள் கார் கழுவட்டும் என்றார் ஒருவர். "அப்பன் காரை மகன் கழுவுவான், அதுக்கு அப்பனே காசு குடுக்கணுமா? நல்லா இருக்கு!" என்றார் கணக்கு வாத்தியார். ஆட்டம் பாட்டம் வைக்கலாம் என்றார்கள். மேடை, மைக், நாற்காலி, விருந்தாளி, விருந்தாளிக்கு வண்டி என்று கூட்டிப் பார்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். "டிரஸ்ஸெல்லாம் தையல் டீச்சர் பாத்துப்பாங்க" என்று வேறு முடித்தார்கள்.

அன்றைக்கு மாமியாருக்குக் கஞ்சி கொடுத்து முடித்துவிட்டு, சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். எழுந்திருக்க வேண்டும், பாத்திரம் கிடக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை. இந்த நேரத்தில் யாராவது வந்து, நாளைக்கு நீ எங்கேயும் வர வேண்டாம், சும்மா கிட என்று சொன்னால் கையில் இருப்பதை அப்படியே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. நமக்கே இப்படி என்றால் பிள்ளை பெற்ற மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்?

அப்படிப் பிறந்ததுதான் அந்தச் சீட்டு. "வரும் சனிக்கிழமை மாலை நம் பள்ளியில் விழா எதுவும் நடைபெறாது. பேச்சு கிடையாது. மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை. வீட்டிலேயே காலை நீட்டிக்கொள்ளலாம். அதற்கான கட்டணம் உங்கள் விருப்பம். தண்ணீர்த் தொட்டிக்கு உதவுங்கள்." பிள்ளைகள் கையில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் அவளே உண்டியலோடு நின்று பெரியவர்களிடம் சீட்டை நீட்டினாள்.

"டீச்சர், என் மாமனார் வீட்டு விசேஷத்துக்கும் இப்படி ஒரு சீட்டு கிடைக்குமா?" என்று கேட்டார் ஒரு தகப்பனார். மருந்துக்கடை அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "போன வருஷம் அந்த நாற்காலியில உக்காந்து என் இடுப்பே போச்சுடி. இந்தா, எங்க வீட்டுக்காரருக்கும் சேத்து வச்சுக்க!" உண்டியலில் விழுந்தது அவள் கையில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. அன்றன்றைக்கே தலைமையாசிரியை மேசைக்குப் போனது, அங்கிருந்து கொத்தனாரிடம் போனது. இதில் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது?

சனிக்கிழமை வந்தது. காலை நீட்டி உட்கார்ந்து ஒரு வாய் டீ குடிப்பதற்குள் வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார்.

"டீச்சர், சனம் வந்து நிக்குது."

"எதுக்குண்ணே?"

"விழாவுக்கு."

"விழாதான் இல்லையே!"

"அது எப்படி இல்லேன்னு பாக்க வந்திருக்காங்களாம்."

நம் சனங்களை என்ன சொல்வது? எல்லாரும் போய், நாம் மட்டும் போகாமல் ஏமாந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்திருக்கிறார்கள். அவள் போய்ப் பார்த்தபோது, பூட்டிய கேட்டுக்கு முன்னால் இஸ்திரி போட்ட சட்டையும் புதுப்புடவையுமாகக் கூட்டம். முன்வரிசையில் மருந்துக்கடை அக்கா.

"ஒரு நாற்காலிகூடப் போடலியாடி?"

"கிடையாதுன்னுதானே அக்கா போட்டிருக்கு."

"சும்மா தமாஷுக்குப் போட்டிருப்பேன்னு நெனச்சோம். காசு வாங்கினேல்ல?"

வாட்ச்மேனிடம் சாவியை வாங்கினாள். கேட்டைத் திறந்துவிட்டாள். சனங்கள் படிக்கட்டிலும் மைதானத்து மண்ணிலும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். பல வருஷமாக ஒரே தெருவில் இருந்தும் பேசாதவர்கள் பேசிக்கொண்டார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியைக்குக் கூட்டத்தைக் கண்டதும் கை கால் சும்மா இருக்கவில்லை. மேல்படியில் ஏறி, தொண்டையைச் செருமி, "அன்பான பெற்றோர்களே" என்று ஆரம்பித்தார்.

"பேச்சு கிடையாதுன்னு போட்டிருக்குங்க!" என்றது ஒரு குரல்.

மைதானமே சிரித்தது. தையல் டீச்சரும் சிரித்துவிட்டாள். அடக்கத்தான் பார்த்தாள், வந்துவிட்டது. அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

தொட்டி எழும்பியது, கழிவறைக் குழாயில் தண்ணீர் வந்தது. ஆனால் கடை வாசலில் பேச்சு வேறாக இருந்தது. காசை வாங்கிக்கொண்டு மண்ணில் உட்கார வைத்தாளாம். இருவர் பள்ளிக்கே வந்து காசைத் திருப்பிக் கேட்டார்கள். சீட்டில் இருந்தது இதுதான் என்று தலைமையாசிரியை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் பள்ளி திறந்த கையோடு மெழுகுவத்தி வண்டி வந்து நின்றது. தையல் டீச்சரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"தொட்டி வந்தா இது வேண்டாம்னு சொன்னீங்களேம்மா."

"சொன்னேன். தொட்டி வந்துச்சு, பள்ளிக்கூடத்துப் பேரு போச்சு. கையெழுத்துப் போடுங்க."

வண்டிக்காரர் ரசீதை நீட்டினார். அதில் யார் கையெழுத்துப் போடுகிறார்களோ, விற்காத பெட்டியெல்லாம் அவர்கள் பொறுப்பு. தையல் டீச்சர் பேனாவைத் தலைமையாசிரியை பக்கம் நீட்டினாள்.

"நீங்க போடுங்கம்மா."

அவர் தொடவில்லை. தாழ்வாரத்தில் நின்ற ஆசிரியர்களைப் பார்த்தார். டிரில் மாஸ்டருக்குத் திடீரென்று மைதானத்தில் வேலை வந்தது. கணக்கு வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்; கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

"யாராவது போட்டுக் குடுங்கம்மா. கையெழுத்து இல்லாம நான் இறக்க முடியாது" என்றார் வண்டிக்காரர்.

"நீங்க போடலேன்னா நாளையில இருந்து வேலைக்கு வர வேண்டாம்" என்றார் தலைமையாசிரியை.

கோபம் வந்தால் நாலு வார்த்தை கேட்கலாம். அதற்கும் சக்தி வேண்டுமே. "சரிங்கம்மா" என்றாள். பேனாவை மேசைமேல் வைத்தாள்.

தையல் அறைக்குப் போய்த் தன் கத்தரிக்கோலையும் சாப்பாட்டு டப்பாவையும் பையில் போட்டாள். பொத்தான் தைத்துக்கொண்டிருந்த பெண்களிடம், "ஊசியத் தரையில போட்டுடாதீங்க, கால்ல ஏறிடும்" என்று மட்டும் சொன்னாள். வெளியே வந்தபோது வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்து பிடித்திருந்தார்.

"என்ன டீச்சர், நீங்களும் கிளம்பிட்டீங்களா?"

"முதல்ல வண்டி போகட்டும்ணே."

சுவரோரம் ஒதுங்கி நின்றாள். வண்டி பின்னால் நகர்ந்து, திரும்பி, பெட்டிகளோடு தெருவில் இறங்கிப் போயிற்று. அதற்குப் பிறகுதான் அவள் வாசலைத் தாண்டினாள்.