நாற்றுப் பச்சைப் படகு

1. கருப்பு

இந்தத் தீவுக்கு வந்து, அபர்டீன் பஜாரில் பெயிண்ட் கடை கவுண்டரில் நின்ற முதல் நாளே நான் திட்டு வாங்கினேன். அப்பாராவ் என்ற தெலுங்குக்காரர் மீன்பிடி டிங்கிக்குப் பெயிண்ட் கேட்டு வந்தார். அழுக்குத் தெரியாமல் இருக்கட்டுமே என்று கருப்பு எனாமல் டின்னை எடுத்து வைத்தேன். மனுஷன் அதைத் தொடக்கூட இல்லை.

"க்யா பாய், படகு முழுக்கக் கருப்பா? நான் மீன் புடிக்கப் போறேனா, பொணம் தூக்கப் போறேனா? கருப்பு திருஷ்டிப் பொட்டுக்கு மட்டும்தான். சின்ன டப்பா குடு, போதும்."

சரி, பாடம் படித்துவிட்டோம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ராஞ்சிக்காரர் ஒருவர் வந்து, வீட்டுச் சுவரின் அடியில் பட்டை அடிக்கக் கருப்பு கேட்டார். புதுசாய்க் கற்ற அறிவு சும்மா இருக்குமா? "வேண்டாம் அண்ணே, அபசகுனம்" என்றேன். "எங்க ஊர்ல கருப்புப் பட்டை இல்லாத வீட்டுக்குத்தான் லட்சணம் இல்லம்பாங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

முதலாளி மதுரைக்காரர். கல்லாவில் இருந்தபடியே கத்தினார்.

"ஏம்ப்பா, நீ வெலைய மட்டும் சொல்லு. அர்த்தத்த அவுங்கவுங்க வீட்லேர்ந்து கொண்டாருவாங்க!"

இப்போது கவுண்டரில் நிற்கிற பிள்ளைகள் மெஷினில் நம்பரைத் தட்டினால் நிறம் வந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் கலக்குகிற குச்சியும் கண்ணும்தான். ஆனால் முதலாளி சொன்னது மெஷின் வந்த பிறகும் மாறவில்லை.

2. கப்பல் வராத நாட்கள்

சரக்கெல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் லேட் என்றால் ரேக்கில் பாதி காலி. கஸ்டமர்களைத் திருப்பி அனுப்ப முதலாளிக்கு மனசு வராது. பெஞ்சில் உட்கார வைத்து டீ சொல்லிவிடுவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் வெள்ளத்தில்தான் வந்து நிற்கும். சுனாமி பார்த்த ஊர், வேறென்ன பேசுவோம்?

அப்பாராவ் சொல்வார்: உலகமே மூழ்கியபோது ஒரு மீன் வந்து ஒரு மனிதனிடம் படகு கட்டச் சொன்னது, அதுவே அந்தப் படகை இழுத்துக்கொண்டும் போனது. நான் சொல்வேன்: எங்கள் மார்க்கத்திலும் ஒரு நபி கப்பல் கட்டினார். மூங்கில் விற்க வரும், பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன்காரர், தன் சர்ச்சிலும் அதே கப்பல்தான் என்பார். ஒருநாள் வந்த நிக்கோபாரி நண்பர், "எங்களுக்குக் கப்பலெல்லாம் இல்ல. ஒருத்தன் மரத்து உச்சியப் புடிச்சிக்கிட்டுத் தப்பிச்சான்" என்றார்.

"எல்லாம் ஒரே கப்பல்ல வந்த சரக்குய்யா. லேபிள்தான் வேற வேற" என்றார் முதலாளி.

நான் அப்படி நினைக்கவில்லை. கடல் இருந்து, கரையில் காத்துக்கிடக்க ஒரு ஆள் இருந்தால் போதும், இந்தக் கதை தானாகவே பிறக்கும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் மனைவி மைமூன் இராமநாதபுரம் பக்கத்தில் இருந்தாள், நான் இங்கே இருந்தேன். என் உம்மாவுக்கு நடமாட்டம் இல்லை, அவரை விட்டுவிட்டு அவள் வர முடியாது. வருஷத்தில் ஒரு லீவு, அதிலும் பாதி கப்பலிலேயே போய்விடும். "எப்ப வர்றீக?" என்பாள் போனில். அதைத் தவிர அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அந்தக் குரலுக்கு நான் இன்றைக்கும் ஏங்குகிறேன். சொல்வதில் என்ன வெட்கம்?

3. நிதாயின் நிறம்

பெரார்கஞ்ச் பக்கத்து வங்காளிக் குடும்பம் ஒன்று. நிதாய், அவன் மனைவி மாலதி. வயல் வேலை இல்லாத நாட்களில் நிதாய் டிங்கி எடுத்துக்கொண்டு மீனுக்குப் போவான். படகுக்குப் பெயிண்ட் வாங்க இருவரும் சேர்ந்தே வந்தார்கள். இந்தியில்தான் பேசிக்கொண்டோம்.

"எந்தப் பச்சையும் சரியில்ல சாச்சா. நாத்து நட்டு நாலு நாள் ஆனா ஒரு பச்சை வருமே, அது வேணும்" என்றான்.

"வயல்லேர்ந்து கடலுக்குப் போனாலும் வயலத் தூக்கிட்டே போவாரு!" என்று மாலதி சிரித்தாள்.

அன்றைக்கும் கப்பல் லேட். நீலத்தோடு கலக்க வேண்டிய எலுமிச்சை மஞ்சள் பாதியில் தீர்ந்துவிட்டது. மீதிக்குத் தங்க மஞ்சளை ஊற்றிக் கலக்கினேன். ஆகவே படகின் முன்பாதி ஒரு பச்சை, பின்பாதி கொஞ்சம் பழுத்த பச்சை. நிதாய் கோபிக்கவில்லை. "தூரத்துலேர்ந்தே என் படகுன்னு இவளுக்குத் தெரிஞ்சிடும்" என்றான்.

அடுத்த வருஷம், மழைக்காலம் தொடங்கும் சமயம், அந்தப் படகு திரும்பவில்லை. தேடினார்கள். இஞ்சின் நின்று பர்மா பக்கம் ஒதுங்கியிருக்கலாம் என்றார்கள். அப்படி ஒதுங்கித் திரும்பி வந்தவர்களும் உண்டு. மாதங்கள் ஓடின. தெற்கே ஒரு தீவுக் கரையில் உடைந்த பலகை ஒன்று கிடைத்தது.

நிதாயின் அண்ணன், மாலதி தாதா என்று கூப்பிடுகிறவர், அதைக் கோணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். கூடவே மாலதியும் வந்தாள். வகிட்டில் சிந்தூரம். கையில் வெள்ளைச் சங்கு வளை, சிவப்பு வளை. கணவன் உயிரோடு இருக்கிற வங்காளிப் பெண்ணின் அடையாளங்கள் அவை. அண்ணன் கக்கத்தில் ஒரு துணிப் பொட்டலம், அதன் ஓரத்தில் வெள்ளைப் புடவை தெரிந்தது. அப்பாராவ் ஏதோ வாங்க வந்தவர், வாங்காமல் ஒதுங்கி நின்றார்.

"நீதான் கலர் கலந்தே. பாத்துச் சொல்லு. இது அவன் படகுன்னா இன்னிக்கே காரியத்த முடிச்சிடறோம். எத்தன நாள் ஊர் வாயில விழறது?" என்றார் அண்ணன்.

யா அல்லா, என்னை ஏன் இதில் இழுத்துவிட்டாய் என்றிருந்தது. ஆமாம் என்றால் அந்த வளை உடையும். இல்லை என்றால் பொய். பிளேடால் மெல்லச் சுரண்டினேன். உப்பு அரித்ததுபோக ஒரு ஓரத்தில் பெயிண்ட் மிச்சம் இருந்தது. அடியில் முதல் பூச்சான ரெட் ஆக்சைடு, மேலே பச்சை. என் கையால் கலந்த பழுத்த பச்சை. இந்தத் தீவுகளில் வேறு எந்தப் படகிலும் அது கிடையாது.

சொல்லிவிட்டேன்.

"நிதாயோட படகுதான்."

அண்ணன் கோணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மாலதி அழவில்லை. பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"படகு. சாச்சாகிட்ட நீங்க படகப் பத்தித்தான் கேட்டீங்க. அவரப் பத்திக் கேக்கல."

"பைத்தியம் மாதிரிப் பேசாதே மாலதி."

"எங்க ஊர்க் கதை உங்களுக்குத் தெரியாதா தாதா? பாம்பு கடிச்சுச் செத்த புருஷன மடியில போட்டுக்கிட்டு, வாழமரத் தெப்பத்துல ஒருத்தி தேவலோகம் வரைக்கும் போனாளே. பொணம் மடியில இருந்தும் அவ சிந்தூரத்த அழிக்கல. எனக்குப் பொணமே இல்ல. நான் எதுக்கு அழிக்கணும்?"

ஒதுங்கி நின்ற அப்பாராவ்தான் வாயைத் திறந்தார்.

"எங்கள்லயும் உண்டு தாதா. எமன் பின்னாடியே நடந்து, வாதாடி, புருஷன மீட்டவ ஒருத்தி. விடுங்க. அந்தப் பொண்ணு சொல்ற வரைக்கும் விடுங்க."

மீன் வயிற்றுக்குள் போன நபி திரும்பி வந்த கதை எனக்கு நினைவு வந்தது. அண்ணன் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். பலகையை மாலதி வாங்கிக்கொண்டாள். அன்று அவள் வளையை யாரும் உடைக்கவில்லை.

4. ஒரு லிட்டர் வெள்ளை

பல மாதங்கள் கழித்து மாலதி தனியாக வந்தாள். சிந்தூரம் அப்படியே இருந்தது.

"வீட்டு வாசக் கதவுக்குப் பெயிண்ட் வேணும் சாச்சா."

அந்தப் பச்சையைத்தான் கேட்பாள் என்று நானே முடிவு செய்து, குச்சியைக்கூட எடுத்துவிட்டேன்.

"வெள்ளை" என்றாள்.

முதலாளி சொன்னதெல்லாம் மறந்து, "வெள்ளையா மகளே? ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"சொல்லட்டும். எங்க வீடு, கடல்லேர்ந்து உள்ள வர்ற க்ரீக்கப் பாத்து இருக்கு. பச்சை அடிச்சா மரத்தோட மரமாப் போயிடும். செவப்பு இருட்டுல கருப்பாத் தெரியும். அந்தி நேரத்துல வர்றவங்களுக்கு வெள்ளைதான் முதல்ல கண்ல படும்." கையை நீட்டிக் காட்டினாள். "சங்கும் வெள்ளைதானே சாச்சா? அதும் கடல்லேர்ந்து வந்ததுதானே?"

டின்னை நானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டேன். பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன்.

நிதாய் வரவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை வரவில்லை. மாலதி வருஷா வருஷம் மழை முடிந்ததும் வந்து வெள்ளை வாங்குகிறாள் என்று கடைப் பையன்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கஸ்டமர் கேட்கிற நிறத்துக்கு ஷேட் கார்டில் அர்த்தம் தேடாதீர்கள். யாருடைய கண்ணில் படுவதற்காகக் கேட்கிறார்கள் என்று மட்டும் மனசில் வையுங்கள்.

மைமூன் இறந்தபோது அவள் மவுத்துக்கு என்னால் போய்ச் சேர முடியவில்லை, கப்பல் இல்லை. ஆயுள் முழுக்க ஊரார் கதவுகளுக்கு நிறம் கலந்து கொடுத்தவன் நான். எங்கள் வீட்டு வாசல் கதவு என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் போன ஒவ்வொரு தடவையும், தெருமுனை திரும்பும்போதே, அதைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் நின்றிருப்பாள்.